ஷட்டருக்கு அந்தப் பக்கம்: பெரியாறு நீர்ப்பிடிப்புக் காட்டில் ஒரு சமூகத் திட்டம்

மழை தோதாக இருக்கிற வருஷத்தில் ஜூன் 1-ஆம் தேதியே தேக்கடித் தலைமதகில் ஷட்டரைத் தூக்கிவிடுவார்கள். அதிகாரிகளும் எங்கள் ஊர் விவசாயச் சங்கத்தாரும் கரையில் நின்று பூத்தூவுவார்கள். முதல்போகத்துக்கு 200 கனஅடி, குடிநீருக்கு 100 கனஅடி என்று மறுநாள் பேப்பரில் வரும். தண்ணீர் வாய்க்காலில் ஓடி, மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகத் தமிழகப் பக்கம் வந்து, இரைச்சல் பாலத்தைத் தாண்டி லோயர் கேம்ப்பில் இறங்கும். கூடலூரிலிருந்து பழனிசெட்டிபட்டி வரைக்கும் 14,707 ஏக்கர் இருபோக வயலில் நாற்றங்கால் வேலை தொடங்கிவிடும்.

கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்த என்னைப் போன்றவர்களுக்குப் பெரியாறு என்றால் ஷட்டருக்கு இந்தப் பக்கத்துக் கதைதான். முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய பென்னிகுவிக், 999 வருஷக் குத்தகை, 142 அடி நீர்மட்டம், இரண்டு மாநில வழக்கு. ஷட்டருக்கு அந்தப் பக்கம் அறுநூறு சதுர கிலோமீட்டருக்கு மேல் விரிந்து கிடக்கிற நீர்ப்பிடிப்புக் காட்டை யார் பார்த்துக்கொள்கிறார்கள், அவர்களுக்கு யார் கூலி கொடுக்கிறார்கள் என்று எங்கள் டீக்கடைகளில் பேச்சு வந்து நான் கேட்டதில்லை. இந்த ஆய்வு அந்தக் கேள்வியைப் பற்றியது.

காட்டின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1895-இல் அணை நிரம்பியபோது பெரியாறும் முல்லையாறும் சேர்கிற பள்ளத்தாக்கு மூழ்கி 26 சதுர கிலோமீட்டர் ஏரி ஆனது. அன்று மூழ்கிய மரங்களின் கட்டைகள் இன்றைக்கும் தண்ணீருக்கு மேல் நிற்கின்றன. நீர்க்காகங்கள் சிறகைக் காயப்போடுவது அவற்றின் மேல்தான். 1934-இல் நெல்லிக்காம்பட்டி கேம் சரணாலயம், 1950-இல் பெரியாறு வனவிலங்குச் சரணாலயம், 1978-இல் புலிகள் காப்பகம். பின்னால் மேற்கே கொஞ்சம் காடு சேர்ந்ததில் மொத்தப் பரப்பு 925 சதுர கிலோமீட்டர்.

பலகையில் சரணாலயம் என்று எழுதியிருந்ததே தவிர, 1980-களிலும் 90-களிலும் அந்தக் காடு பலருக்குத் திறந்த வீடாகத்தான் இருந்தது. தந்தத்துக்காகக் கொம்பன்களைச் சுட்டுத் தள்ளியதில், 80-களின் கடைசியில் எடுத்த கணக்கில் நூறு பெண் யானைக்கு ஒரு வளர்ந்த ஆண் யானைகூட இல்லை என்று ஆனது. கிழக்கு எல்லையில் சந்தனம் போய்க்கொண்டிருந்தது. கோடையில் புல்மேட்டில் தீ வைப்பார்கள். புதுப்புல் முளைத்தால் மாட்டுக்கு ஆகும். ஆனால் எரிந்த மேட்டில் அடுத்த மழை விழும்போது மண் கரைந்து நேரே ஏரிக்குத்தான் வரும். இதில் பாதிக்காரர்கள் எங்கள் பள்ளத்தாக்கிலிருந்து மலையேறிப் போனவர்கள் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. வரப்புக்குத் தண்ணீரும் அங்கிருந்து, அடுப்புக்கு விறகும் அங்கிருந்து.

இதில் தனிக்கதை வயணப்பட்டை. லவங்கப்பட்டைக்கு ஒன்றுவிட்ட சொந்தம். காட்டில் தானாக வளர்கிற மரம். மசாலா வியாபாரத்தில் இதற்கு எப்போதும் ஆள் உண்டு. குமுளியைச் சுற்றியிருந்த ஒரு கூட்டம் இதையே தொழிலாக வைத்திருந்தது. அரிசி, உப்பு, மிளகாயோடு உள்ளே போனால் ஒரு வாரம், பத்து நாள் ஆகும் வெளியே வர. குழம்புக்குக் கறி காட்டிலேயே கிடைத்துவிடும். பட்டையைச் சுற்றிலும் உரித்துவிட்டால் மரம் நின்றபடியே காய்ந்துபோகும். மூட்டை கட்டி இரவோடிரவாக இறக்கினால் கையில் கிடைப்பது கொஞ்சம், பெரும்பங்கு இடைத்தரகருக்கு. பிடிபட்டால் வழக்கு, வழக்குச் செலவுக்குக் கடன், கடனை அடைக்க மறுபடியும் காடு.

திட்டம் வந்தது

உலக வங்கியும் உலகச் சூழல் நிதியமும் பணம் போட்ட இந்திய சூழல் மேம்பாட்டுத் திட்டம் 1996-இல் தொடங்கி 2004 வரை நடந்தது. கீர், ரண்தம்பூர், நாகர்ஹொளே, பெஞ்ச், பக்ஸா, பாலமூ, பெரியாறு என்று நாடு முழுக்க ஏழு இடங்கள். காட்டைச் சுற்றியிருக்கிற மக்களுக்கு வேறு வருமானம் காட்டினால் காட்டின் மேல் பாரம் குறையும் என்பது ஏழுக்கும் பொதுவான எண்ணம். மற்ற ஆறு இடங்களைப் பற்றி இங்கே பேசப்போவதில்லை. பெரியாறுதான் திட்டப்பணம் தீர்ந்த பிறகும் தொடர்ந்து நடந்த இடம். எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுவதும் அதனால்தான்.

ஊருக்கு ஊர் சூழல் மேம்பாட்டுக் குழு அமைத்தார்கள். குமுளியில் யாரும் இப்படி நீட்டிச் சொல்வதில்லை, ‘ஈடிசி’தான். மொத்தம் 72 ஈடிசி. அரசுத் திட்டத்தில் குழு போடுவதில் புதுமை எதுவும் இல்லை. பெரும்பாலான குழுக்கள் நோட்டுப்புத்தகத்தோடு முடிந்துபோகும். இங்கே இரண்டு விஷயம் மாறியது. குடும்பத்துக்கு ஒதுக்கிய பணத்தில் கால்பங்கை அந்தக் குடும்பமே போட வேண்டும். அப்படித் திரண்ட தொகை ஊரின் சுழல்நிதியானது. வட்டிக்காரர் வாசலுக்குப் போக வேண்டிய ஆத்திர அவசரத்துக்கு அந்தப் பணம் கைகொடுத்தது. இரண்டாவது, குழுவைக் கிராமக் கணக்கில் மட்டும் பிரிக்காமல் தொழில் கணக்கிலும் பிரித்தார்கள். புல் அறுப்பவர், விறகு பொறுக்குபவர், மாடு மேய்ப்பவர், மீன் பிடிப்பவர், பட்டை உரிப்பவர் என்று காட்டிலிருந்து யார் எதை எடுக்கிறாரோ அந்த அடிப்படையில் பேச்சுவார்த்தை. ‘கிராம மக்கள்’ என்று பொதுவாகப் பேசினால் பட்டை உரிப்பவர் கூட்டத்துக்கே வரமாட்டார் என்பது யாரோ ஒரு புத்திசாலி ரேஞ்சருக்குப் புரிந்திருக்கிறது.

1998-இல் 23 பட்டை உரிப்பவர்கள் முன்வந்தார்கள். அவர்களுக்கான ஈடிசிக்கு ‘முன்னாள் வயணப்பட்டைக்காரர்கள்’ என்றே பெயர். பழைய தொழிலை மறைக்காத அந்தப் பெயர் எனக்குப் பிடித்திருக்கிறது. வழக்குகளிலிருந்து வெளியே வர வழி செய்து, சுற்றுலாப் பயணிகளைக் காட்டுக்குள் அழைத்துப்போகிற வேலையைக் கொடுத்தது வனத்துறை. இரவு தங்கும் நடைப்பயணம், மூங்கில் தெப்பத்தில் ஏரிப்பயணம் இரண்டும் இவர்கள் கைக்கு வந்தன. பயணி கட்டும் பணத்திலிருந்து இவர்களுக்கு மாத வருமானம். பயணி இருந்தாலும் இல்லாவிட்டாலும் முறைவைத்து ரோந்து. எந்த ஓடை வழியாக ஆள் இறங்குவான், எந்தப் பாறைக்குக் கீழே சோறு பொங்கி மறைப்பான் என்பது இவர்களுக்கு மனப்பாடம். முப்பது வருஷம் சர்வீஸ் போட்ட வாச்சருக்கும் தெரியாத சங்கதி அது.

ஒரு முறை தெப்பத்தில் போனேன். பத்து பயணிக்கு ஐந்து வழிகாட்டிகள், துப்பாக்கியோடு ஒரு வனக்காவலர். காலை எட்டு மணிக்கு முட்டிவரை ஏறும் காக்கித்துணி அட்டையுறையை மாட்டிவிட்டு, மேலே கயிறு கட்டி, புகையிலைத்தூளைத் தேய்த்துவிட்டார்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் நடை, அப்புறம்தான் தெப்பம். எங்களுக்கு முன்னால் நடந்தவருக்கு அறுபதை நெருங்கும் வயது, செருப்பு மட்டும்தான் போட்டிருந்தார். பாதி வழியில் ஒரு மரத்தில் கை வைத்து நின்றார். தரையிலிருந்து இடுப்புயரத்துக்கு ஒரு பக்கம் மட்டும் பட்டை இல்லை. ஓரங்கள் உதடுபோலத் தடித்து உள்நோக்கி வளர்ந்து, நடுவில் ஒரு முழம் சொத்தை. முழுசாகச் சுற்றி உரித்திருந்தால் இது இங்கே நின்றிருக்காது, அன்றைக்கு யாரோ வருகிற சத்தம் கேட்டு விட்டுவிட்டு ஓடினோம் என்றார். ‘ஓடினோம்’ என்றுதான் சொன்னார். கூட வந்த பெங்களூர்க்காரர் அதைச் சரியாகக் கேட்டாரா என்று தெரியவில்லை. மரத்தின் பெயரைத் தப்பாக எழுதிக்கொண்டிருந்தார். வழிகாட்டி ஒரு கொழுந்தைக் கிள்ளிக் கசக்கி எங்கள் மூக்கருகே நீட்டினார். பிரியாணி இலை வாசனை.

மிளகும் சந்தனமும்

மன்னான்கள் கதை வேறு. மதுரையிலிருந்து மலையேறி வந்தவர்கள் என்று தங்களைச் சொல்லிக்கொள்கிற ஆதிகுடிகள். பேச்சு தமிழுக்குப் பக்கம். இடுக்கியின் கோழிமலையில் அவர்களுக்கு இன்றும் ராஜா உண்டு. இவர்களும் பளியர்களும் காட்டுக்குள் இருந்தவர்கள். 1940-களில் வெளியே கொண்டுவந்து குமுளி ஓரத்தில் மன்னான்குடி, பளியக்குடி என்று குடியேற்றினார்கள். கொடுத்த நிலத்தில் மிளகு போட்டார்கள். மிளகு நன்றாகவே காய்த்தது, வீட்டுக்கு மட்டும் வரவில்லை. மழைமாதப் பஞ்சத்தில் வியாபாரி கொடுத்த முன்பணத்துக்குக் கொடி பூக்கும் முன்பே காய் விலைபேசப்பட்டுவிடும். சில குடும்பங்களின் நிலமே வருஷக்கணக்கில் வியாபாரி கையில் இருந்தது. நிலம் கையில் இல்லாதவன் மறுபடி காட்டுக்குத்தான் போவான். திட்டப்பணத்தில் ஒரு பகுதி நேராக அந்தக் கடனை அடைக்கப் போனது. நிலம் மீண்டது, ரசாயனம் போடாத மிளகு என்று தனியாக விற்க வழி செய்தார்கள். உலக வங்கித் திட்டம் என்றால் கட்டடம் கட்டித் திறப்புவிழா நடத்துவது என்று நினைக்கிறவர்களுக்கு இது சப்பென்று இருக்கும். எனக்கு இந்தத் திட்டத்தில் ஆகப் பெரிய வேலையாகப் படுவது இந்தக் கடனடைப்புதான்.

ஏரியில் மீன்பிடி உரிமையும் இவர்களிடம் இருக்கிறது. யாரோ எப்போதோ விட்ட திலேப்பியாவும் கெண்டையும் பெருகி ஏரியை ஆள்கின்றன. உலகத்தில் பெரியாற்றில் மட்டுமே இருக்கிற லெபிடோபைகோப்சிஸ் போன்ற மீன்கள் மேலோடைகளுக்கு ஒதுங்கிவிட்டன. வலையில் திலேப்பியா எடுக்க எடுக்க நல்லதுதான். பிடிக்கிறவருக்கும் ஆற்றுக்கும் ஒரே திசையில் லாபம் கிடைப்பது அபூர்வம்.

வசந்தசேனா என்ற பெண்கள் ரோந்துக்குழுவைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. 2002-இலிருந்து காட்டோரக் குடியிருப்புப் பெண்கள் சுமார் நூறு பேர் முறைவைத்து, நாளுக்கு ஐந்தாறு பேராகச் சந்தனக்காட்டுப் பகுதியில் ரோந்து போகிறார்கள். கூலி கிடையாது. சமையலை முடித்துவிட்டு, சேலைமேல் ஒரு சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்புவார்கள். இதை எழுதுகிற எல்லோரும் நெகிழ்ந்துபோகிறார்கள். எனக்கு நெகிழ்ச்சியோடு ஒரு நெருடலும் உண்டு. பட்டை உரித்த ஆண்களுக்கு மாத வருமானம், ஒன்றும் திருடாத பெண்களுக்குப் பாராட்டு. சுழல்நிதியிலிருந்து அந்தப் பெண்களின் சுயஉதவிக்குழுக்களுக்குக் கடன் வந்தது உண்மைதான். கடனைக் கூலிக் கணக்கில் சேர்க்க முடியாது.

படகும் தெப்பமும்

தேக்கடிக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் தெப்பத்தில் ஏறுவதில்லை. இரண்டடுக்குப் படகில் ஏறி, ஒன்றரை மணி நேரம் ஏரியைச் சுற்றி, தூரத்தில் யானை தெரிந்தால் விசிலடித்து, சிப்ஸ் பாக்கெட்டோடு இறங்குவார்கள். தேக்கடியின் பெயரே அந்தப் படகுதான். பட்டைக்காரர்களின் நடைப்பயணம் அதன் ஓரத்தில் சிறு கடை போட்ட மாதிரி.

2009 செப்டம்பர் 30-ஆம் தேதி மாலை அந்தப் படகுகளில் ஒன்றான ‘ஜலகன்யகா’ கவிழ்ந்தது. 45 பேர் இறந்தார்கள். கரையில் மிருகம் தெரிந்ததும் மேல்தளத்துக் கூட்டம் ஒரே பக்கம் சாய்ந்ததைப் பற்றியும், படகின் கட்டுமானத்தைப் பற்றியும் அன்று நிறையப் பேசினார்கள். உயிர்காப்புச் சட்டை மாட்டுகிற பழக்கமே அதற்குப் பிறகு வந்ததுதான். நிலைத்த சுற்றுலா என்று பேசுகிறவர்கள் குப்பையோடும் சத்தத்தோடும் நிறுத்திக்கொள்கிறார்கள். பத்துப் பேருக்கு ஐந்து பேர் துணை வருகிற ஏற்பாட்டில் ஒரு முகம் காணாமல் போனால் ஐந்து நிமிஷத்தில் தெரிந்துவிடும். எண்ணிக்கையைக் கட்டுவது காட்டுக்கு மட்டும் நல்லது என்று யாரும் நினைக்க வேண்டாம்.

மேற்கு ஓரத்தில் கூட்டம் இன்னும் பெரிது. சபரிமலை இந்தக் காப்பகத்துக்குள்தான் இருக்கிறது. அங்கே ஓடுவது பம்பை. எருமேலியிலிருந்து கரிமலை ஏறுகிற பெருவழி, புல்மேடு வழி இரண்டும் காட்டுப்பாதைகள். மகரவிளக்குக் காலத்தில் பாதையோரக் கடைகளை முன்பு வெளியூர் முதலாளிகள் ஏலமெடுத்து நடத்தினார்கள். விறகுக்குக் காட்டு மரம், எச்சத்துக்கு ஓடை. இப்போது பாதையோரக் குடியிருப்புகளின் ஈடிசிகள் கடை நடத்துகின்றன. வருஷம் முழுக்க அந்தக் காட்டோரத்தில் இருக்கப்போகிறவன் சீசன் முடிந்ததும் தன் குப்பையைத் தானே பொறுக்குகிறான். ஆனால் லட்சக்கணக்கில் வருகிற கூட்டத்துக்கு இது எந்த மூலைக்கு? 2011 ஜனவரி 14-ஆம் தேதி இரவு புல்மேட்டில் நெரிசலில் நூறு பேருக்கு மேல் செத்தபோது, அந்தப் பாதையில் எத்தனை பேர் இருந்தார்கள் என்ற கணக்கே யாரிடமும் இல்லை.

பணம் எங்கிருந்து

2004-இல் உலக வங்கிப் பணம் நின்றது. அதே வருஷம் கேரள அரசு ‘பெரியாறு ஃபவுண்டேஷன்’ என்ற அறக்கட்டளையைப் பதிவு செய்தது. நுழைவுக்கட்டணத்தோடு ஒரு சிறு மேல்வரி. அந்தப் பணமும் சுற்றுலா வருமானமும் கருவூலத்துக்குப் போகாமல் இங்கேயே தங்கி ஈடிசிகளுக்கும் ரோந்துக்கும் செலவாகும். இரண்டு வருஷம் கழித்து, 2006-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தியபோது ஒவ்வொரு புலிகள் காப்பகத்துக்கும் இப்படி ஓர் அறக்கட்டளை வேண்டும் என்ற பிரிவு வந்தது. அதற்கு முன்மாதிரி பெரியாறுதான். முதுமலைக்கும் ஆனைமலைக்கும் இன்று இருக்கிற அறக்கட்டளைகளின் வேர் இங்கே இருக்கிறது.

இதன் பலவீனமும் இதற்குள்ளேயே இருக்கிறது. காவல் காப்பவரின் கூலி, டிக்கெட் எடுப்பவர் வருவதைப் பொறுத்தது. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் இடுக்கி மலைச்சாலைகள் சரிந்தபோது ஆள் வரவில்லை. 2020 மார்ச்சில் எல்லாம் மூடியபோது ஒருவருமே இல்லை. கையில் வேலையில்லாத ஆள் மறுபடி காட்டைப் பார்க்கிற காலம் அப்படிப்பட்ட காலம்தான். காவல் அதிகமாகத் தேவைப்படுவதும் அப்போதுதான். பெரும்பங்குக் கட்டுப்பாடு வனத்துறையிடமே இருப்பது இன்னொரு குறை. ஈடிசியின் செயலாளர் வனத்துறை ஆள். நல்ல அதிகாரி இருக்கிற வருஷம் குழு பேசும். இல்லாத வருஷம் கையெழுத்துப் போடும்.

சுற்றுலாப் பயணியின் பணத்தில் காடு காக்கப்படுகிறது. அந்தக் காடு பிடித்துவைக்கிற தண்ணீர் தேனி, மதுரை, திண்டுக்கல், சிவகங்கை, ராமநாதபுரம் என்று ஐந்து மாவட்டத்துக்குப் போகிறது, போகிற வழியில் லோயர் கேம்ப்பில் மின்சாரமும் தருகிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு கணக்கும் இல்லை. 1886 ஒப்பந்தத்தில் 8,000 ஏக்கருக்கு ஏக்கர் 5 ரூபாய் குத்தகை. 1970-இல் திருத்தியபோது அது 30 ரூபாயானது. மின்சாரத்துக்குத் தனித்தொகை, மீன்பிடி உரிமை கேரளத்துக்கு என்றும் எழுதினார்கள். தண்ணீர் தேங்குகிற நிலத்துக்கு வாடகை உண்டு; தண்ணீரைத் தருகிற காட்டைப் பற்றி ஒரு வரி கிடையாது. இரண்டு மாநிலமும் உச்ச நீதிமன்றத்தில் இத்தனை வருஷம் வாதாடியது அணையின் சுவரைப் பற்றி. சுவர் முக்கியமில்லை என்று சொல்லவில்லை, எனக்கும் வயல் இருக்கிறது. ஆனால் மேலே புல்மேடு எரிந்து மண் இறங்கினால் 142 அடியில் எத்தனை அடி வண்டல் என்று கேட்க இரண்டு தரப்பிலும் ஆளில்லை.

இரண்டு மாநிலத்துக்கும் நடுவில் இருக்கிற அவநம்பிக்கை நல்ல காரியத்தையும் கெடுக்கிறது. பயணிகளின் வண்டிகள் முன்பு படகுத்துறை வரை காட்டுக்குள் போகும். அதை நிறுத்தி ஆனவச்சாலில் வாகனங்களை விட்டுவிட்டுப் பேருந்தில் போகச்செய்தது கேரள வனத்துறை. சூழலுக்கு அது சரியான காரியம். அந்த இடம் குத்தகை நிலத்துக்குள் வருகிறது என்று தமிழகம் வழக்குப் போட்டது. எங்கள் பக்கத்து நியாயமும் புரிகிறது. ஒரு கார் நிறுத்துமிடத்தில் விட்டுக்கொடுத்தால் அடுத்து எதை என்ற பயம். பசுமைத் தீர்ப்பாயம் தாண்டி உச்ச நீதிமன்றம் போய், 2023-இல் அங்கே அளந்து சொல்லும்படி இந்திய நில அளவைத் துறையை நீதிமன்றம் கேட்கும் அளவுக்குப் போனது. காட்டுக்குள் கார் போக வேண்டுமா என்பதில் இரண்டு மாநிலத்துக்கும் கருத்து வேறுபாடே இல்லை. வழக்கு மட்டும் பத்து வருஷம் நடந்தது.

இந்தக் கேள்விகள் இப்போது நம் பக்கமும் வந்துவிட்டன. 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. பெரியாற்றின் கிழக்கு எல்லையை ஒட்டியே கிடக்கிறது. வைகை பிறக்கிற மலை அது. மேகமலைக்கு வார இறுதியில் ஏறுகிற பைக்குகளை எண்ணிப் பார்த்தால், தேக்கடி 90-களில் நின்ற இடத்தில் நாம் இப்போது நிற்கிறோம் என்று தோன்றும். வருசநாட்டு மலைக்கிராமங்களில் ‘காலி பண்ணு’ என்ற பேச்சுதான் முதலில் போயிருக்கிறது. யார் காட்டிலிருந்து எதை எடுக்கிறார் என்று உட்கார்ந்து கேட்கிற பேச்சு இன்னும் போகவில்லை. பெரியாற்றில் அது எந்த வரிசையில் நடந்தது என்பதை மட்டுமாவது நம் அதிகாரிகள் பார்த்துவிட்டு வரலாம். குமுளி ஒன்றும் தூரமில்லை.

இரண்டு மாநிலமும் சேர்ந்து இந்தக் காட்டைப் பற்றி முடிவெடுப்பது நடக்காத காரியம் என்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வருஷத்தில் ஒரு நாள் அது நடக்கிறது. சித்ரா பௌர்ணமிக்கு மங்கலதேவி கண்ணகி கோவில் திறக்கும். கோவில் புலிகள் காப்பகத்துக்குள், மலையுச்சியில். அதற்கு முன்னால் தேனி, இடுக்கி கலெக்டர்கள் கூட்டம் போட்டு உட்காருவார்கள். எத்தனை ஜீப், எத்தனை மணிக்குக் கடைசி ஆள் இறங்க வேண்டும், தண்ணீர்த்தொட்டி எங்கே, பாட்டிலுக்குத் தடை, எந்தச் சோதனைச் சாவடியில் யார் நிற்பது என்று எல்லாம் பேசி முடிப்பார்கள். போன தடவை பளியங்குடி வழியாக நடந்து ஏறினேன். அடிவாரத்தில் ஒரு வாச்சர் என் பையைப் பிரித்து, அரை லிட்டர் பாட்டிலை எடுத்து ஓரமாக வைத்தார். திரும்பும்போது வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். சாயங்காலம் இறங்கி வந்தபோது அந்த இடத்தில் நூற்றுக்கணக்கில் பாட்டில்கள் வரிசையாக நின்றன. என்னுடையது எது என்று தெரியவில்லை. எனக்கு முன்னால் வந்த ஒரு பாட்டி ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு இடுப்பில் சொருகிக்கொண்டு லோயர் கேம்ப் பஸ்ஸுக்கு நடந்தார்.